சர்க்கரை முக்காடு

அத்தியாயம் ஒன்பது

இரண்டு கதவு, இரண்டு விளக்கு. இரண்டும் சிவப்பு.

முன் கதவு திறந்தால் ஆய்வுக்கூடம். பின் கதவு திறந்தால் வராந்தா, காற்று, நெம்மேலிக் கடல், அப்புறம் என் வண்டி. இரண்டும் திறக்காததால் நான், ஜெசிந்தா மேடம், டாக்டர் ஹர்ஷவர்தன் மூன்று பேரும் ஒரு பீரோ அகல அறையில் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு நின்றோம். எனக்கு லிஃப்ட்டே ஆகாது. நாலு மாடி என்றாலும் படியேறிப் போகிறவன். என்னைப் போய் இப்படி அடைத்துவிட்டார்கள்.

"இன்னா மேடம் இது, ரெண்டு பக்கமும் செவப்பு. ஜிஎஸ்டி ரோட்டு சிக்னல்ல கூட ஒரு பக்கமாவது பச்ச வுழும்," என்றேன்.

"பேசாதே ராஜா. காத்து செலவாகுது," என்றார் மேடம்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு: ஜெசிந்தா மேடம் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பல வருஷம் பொய்க் கணக்குகளைப் பிடித்தவர். இப்போது ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறார். நான் ராஜாராம். வண்டி ஓட்டுவது, காலிங்பெல் அடிப்பது, அடி விழுந்தால் முதலில் வாங்கிக்கொள்வது, இதெல்லாம் என் இலாகா.

நாங்கள் இங்கே வந்தது ரேணுகாவுக்காக. எங்கள் தெருப் பெண். இந்தக் கோழித் தடுப்பூசிக் கம்பெனியில், மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பண்ணை பண்ணையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. கம்பெனியின் புதுக் காய்ச்சல் தடுப்பூசியை வேடந்தாங்கல் பக்கம் சடையப்பன் என்பவரின் பண்ணையில் முதலில் போட்டுப் பார்த்தார்கள். காய்ச்சல் வந்தது. ஊசி போட்ட கோழிகள் கொட்டகையோடு செத்தன. மருந்தில் குற்றமில்லை, ரேணுகா வழியில் பெட்டியைத் திறந்து குளிரை விட்டுவிட்டாள் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

இன்று மூன்று மணிக்கு முதலாளி பட்டாபிராமன் அறையில் அவள் அப்படித்தான் நடந்தது என்று கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் வேலை போகும், செத்த கோழி அத்தனைக்கும் அவள் பொறுப்பு. போடாவிட்டால் மாமல்லபுரம் போலீசில் புகார். புருஷன் இல்லாமல் ஒரு பெண் குழந்தையை வளர்ப்பவள். எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அவள் அழவில்லை. "நான் பொட்டியத் தொறக்கவே இல்லண்ணா," என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

மேடம் அவளை நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதே பெட்டியில், அதே நாள், அதே பண்ணைக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி மருந்தும் போயிருந்தது. அது ஒழுங்காக வேலை செய்திருந்தது. "ஒரே குக்கர்ல ரெண்டு அடுக்கு. சாதம் வெந்துடுச்சு, பருப்பு வேகலன்னா குக்கரைத் திட்டக் கூடாது ராஜா. பருப்பைப் பார்க்கணும்," என்றார்.

அந்தப் பருப்பு இந்த ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டியில் ஒரு சின்ன பாட்டிலில் இருந்தது. தடுப்பூசியைச் சோதிக்கப் பயன்படுத்திய வைரஸ் புரதத்தில் மிச்சம். அதில் பாதியை வாங்கி வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று முதலாளியே போனில் சம்மதித்திருந்தார். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னாலேயே வந்து நின்றோம். அது மேடத்தின் பழக்கம், யாருக்கும் பிடிக்காத பழக்கம்.

தலைமை விஞ்ஞானி ஹர்ஷவர்தன்தான் வரவேற்றார். இளம் வயது, நல்ல உயரம், சிரித்த முகம். செருப்பு, கைப்பை, செல்போன் எல்லாவற்றையும் வெளியே லாக்கரில் வைக்கச் சொன்னார். எங்களுக்கு நீல அங்கி, தலைக்குக் குல்லா. எனக்குக் கொடுத்த அங்கியில் இரண்டு ராஜாராம் நுழையலாம். கடைசியாக உள்ளே வந்தவர், இரண்டு கதவின் நெற்றியிலும் கையை விட்டுத் தடவினார். தூசி பார்க்கிறார், படித்தவர்கள் சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நிமிஷம் இரண்டு விளக்கும் சிவப்பு.

"ஒரு கதவு மூடினாத்தான் இன்னொரு கதவு திறக்கும். கிருமி வெளியே போகாம இருக்க அப்படி வெச்சிருக்கு. ஏதோ கோளாறு. தானா சரியாயிடும்," என்றார் ஹர்ஷவர்தன்.

"அவசரத்துக்குத் திறக்க ஒண்ணும் இல்லியா?" என்றார் மேடம்.

இருந்தது. சிவப்புப் பொத்தான். அதன் மேல் 'பழுது' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சீட்டே மஞ்சளாகியிருந்தது.

முன் கதவில் முகம் அளவு கண்ணாடி. அதன் வழியாக உள்ளே பார்த்தேன். துப்புரவு வேலை பார்க்கும் செங்கம்மாள் மேஜை துடைத்துக்கொண்டிருந்தாள். வரும்போது வாசலில் எனக்கு வழி சொன்னவள். கதவைத் தட்டினேன். இரட்டைக் கண்ணாடி, சத்தம் போகவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். தானும் கையை ஆட்டிவிட்டு மறுபடி மேஜையைத் துடைக்கப் போய்விட்டாள்.

"டாட்டா காட்டிட்டுப் போவுது மேடம்," என்றேன்.

பக்கச் சுவரில் ஒரு கடிகாரம். இரண்டரை தாண்டியிருந்தது. கம்பெனி அன்பளிப்புக் கடிகாரம். இரண்டு வருஷம் முன்னால் இந்தத் தடுப்பூசி ஆய்வுக்கூடச் சோதனையில் ஜெயித்த விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பையோடு கொடுத்தது. ரேணுகா வீட்டுக் கூடத்தில் இதே கடிகாரம். சடையப்பன் பண்ணை ஆபீசிலும் இதே. கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு, எதற்கும் கடிகாரம் கொடுக்கிற ஜில்லா இது. முகப்பில் ஒரு பிள்ளையாராவது போட்டிருக்கலாம். ஏணி மாதிரி ஏதோ கறுப்புக் கோடுகளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

அங்கிக்குள் வேர்வை ஓடியது. மூன்று பேர் மூச்சில் கண்ணாடி ஓரம் பனி படிந்தது. நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். மூடினால் அறை இன்னும் சிறியதாகிவிட்டது, திறந்துவிட்டேன்.

மேடம் மட்டும் கல்யாணப் பந்தியில் அடுத்த வரிசைக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். "டாக்டர், சும்மாதானே நிக்கிறோம். வைரஸ் மேல சர்க்கரை இருக்கும்னு சொல்றாங்களே, அதை எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன். எனக்குச் சர்க்கரைன்னா காலையில சாப்பிடற மாத்திரை, அவ்வளவுதான் தெரியும்."

ஹர்ஷவர்தன் முகம் மலர்ந்தது. பாடம் நடத்தச் சொன்னால் சில பேருக்குப் பசி மறந்துவிடும்.

"வைரஸ் மேல முள்ளு முள்ளாப் புரதம் இருக்கும். அதை வெச்சுத்தான் அது செல்லைப் பிடிக்கும். அந்தப் புரதத்து மேல சர்க்கரைச் சங்கிலிங்க தொங்கும், கிளை கிளையா."

"முருங்கக் கெள மாதிரியா?" என்றேன்.

"கிட்டத்தட்ட."

"வைரஸுக்கு ஏது சார் சக்கர? ரேஷன் கார்டு கீதா?"

"அதுக்குன்னு சமையலறை கிடையாது. எந்த செல்லுக்குள்ள பூந்துதோ, அந்த செல்லோட சமையலறையிலயே சர்க்கரையை மாட்டிக்கும். அதனால உடம்போட காவல்காரங்களுக்கு அது நம்ம சர்க்கரை மாதிரியே தெரியும். சந்தேகமே வராது. கீழே இருக்கற வைரஸோட முகம் மறைஞ்சிடும்."

"நம்ம வூட்டுத் துண்டயே திருடி, முக்காடு போட்டுகினு நம்ம வாசல்லயே நிக்குது. கில்லாடிதான்," என்றேன்.

"முக்காடு மட்டும்தானா அது?" என்றார் மேடம்.

"இல்ல. சர்க்கரை மாட்டலைன்னா சில புரதம் சரியா மடியவே மடியாது, உருப்படாமப் போயிடும். சில இடத்துல சர்க்கரை தொங்கினா வைரஸோட பிடி இறுகும், சில இடத்துல தளரும். எங்கே தொங்குது, எவ்வளவு தொங்குதுங்கறதுதான் விஷயம். ஒரு சங்கிலி கூடினாலோ குறைஞ்சாலோ வைரஸோட குணமே மாறிடலாம்."

"மடிஞ்சு முடிச்ச புரதத்துலேர்ந்து சர்க்கரையை எடுக்க முடியுமா?"

"முடியும். அதுக்குன்னே ஒரு நொதி விக்கறாங்க. கத்தரி மாதிரி வெட்டி விட்டுடும். வெட்டினா மொட்டையா நிக்கும்."

"உங்க தடுப்பூசி?"

"அது பாக்டீரியாவுல வளர்த்தது, செலவு கம்மி. பாக்டீரியாவுக்கு இந்தச் சமையல் தெரியாது. அதனால..." கொஞ்சம் தயங்கினார். "பிறக்கும்போதே மொட்டை. ஆனா மடிப்பு சரியாத்தான் வந்துது."

"அப்போ கோழி உடம்புக்கு நீங்க அடையாளம் காட்டினது முக்காடு இல்லாத முகம். நிஜ வைரஸ் முக்காடு போட்டுக்கிட்டு வருமே?"

"அதைத்தான் சோதிச்சோம் மேடம். முக்காடு போட்ட புரதத்தை வெச்சே சோதிச்சோம். ஊசி போட்ட கோழியோட ரத்தம் அதைக் கப்புன்னு பிடிச்சுது. அதுக்குத்தானே விழா எடுத்தது."

மேடம் தலையாட்டினார். "ஒரு புரதம் முக்காடு போட்டிருக்கா இல்லையான்னு கண்ணால பார்க்க வழி இருக்கா?"

அவர் சந்தோஷமாகக் கண்ணாடியில் படிந்த பனியில் விரலால் ஓர் ஏணி வரைந்தார். "ஒரு கூழ்ப் பலகையில மேலேர்ந்து கீழே ஓடவிடுவோம். கனமானது மெதுவாப் போகும், மேலேயே நின்னுடும். லேசானது கீழே ஓடிடும். முக்காடு போட்டது மேலே நிக்கும், தடிமனா, கலங்கலா. ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் சர்க்கரை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வெட்டினது கீழே நிக்கும், பேனாக் கோடு மாதிரி."

"நனஞ்ச கம்பளியோட ஓடறவன் பின்னாடி தங்கிடுவான், ஜட்டியோட ஓடறவன் முன்னாடி பூடுவான்," என்றேன்.

"அதேதான்."

மேடம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பகீரென்றது. அவர் மணி பார்த்துக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. இந்நேரம் ரேணுகா முதலாளி அறை வாசலில் உட்கார்ந்திருப்பாள். நாங்கள் வருவோம் என்று வராந்தாவையே பார்த்துக்கொண்டிருப்பாள். வரச் சொன்னதும் நான், கையெழுத்துப் போடாதே என்று வீராப்பாகச் சொன்னதும் நான். இங்கே நான் கண்ணாடிக்குப் பின்னால் அக்வேரியம் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே செங்கம்மாள் மஞ்சள் தொட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சுவரோரம் ஆளுயர இரும்பு எந்திரம். தொட்டியை அதற்குள் ஏற்றி, கதவைச் சாத்தி, சக்கரத்தைத் திருகி இறுக்கினாள்.

"அது என்ன?" என்றார் மேடம்.

"கழிவை வேகவைக்கற மெஷின். தினம் இந்த நேரத்துக்குப் போடுவாங்க," என்றார் ஹர்ஷவர்தன். சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தார். அறைக்குள் வந்ததிலிருந்து இரும்புக் கம்பி மாதிரி நின்றவர். இப்போதுதான் தோள் இறங்கியது. நான் அதைப் பார்த்தேன், மேடம் நான் பார்த்ததைப் பார்த்தார்.

"ராஜா," என்றார். புடவை மடிப்பிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி நீட்டினார். "கதவு நெத்தியில ஒரு வெள்ளைப் பொட்டி இருக்கு பாரு. நெம்பிப் பாரு."

எட்டவில்லை. எம்பினேன். அங்கியின் நுனி காலில் மாட்ட, நான் ஹர்ஷவர்தன் மேல் சரிந்தேன். கையிலிருந்த ஊக்கு நழுவியது. கீழே விழவில்லை. அவருடைய அங்கிப் பையின் மேல் ஒட்டிக்கொண்டு நின்றது.

மூன்று பேரும் ஊக்கைப் பார்த்தோம்.

"துணியில ஊக்கு குத்தும், ஒட்டாது. பையில என்ன டாக்டர்?" என்றார் மேடம்.

நானே கையை விட்டு எடுத்தேன். சோப்புக்கட்டியில் கால்வாசி அளவு இரண்டு வெள்ளை டப்பாக்கள். பின்னால் பசை.

"ஃப்ரிஜ் கதவை மூடினா உள்ளே விளக்கு அணையுதில்ல, மூடினது அதுக்கு எப்படித் தெரியும்? ஒரு பட்டன் அழுந்தும். இங்கே பட்டனுக்குப் பதிலா காந்தம். நிலையில ஒரு பொட்டி, கதவுல ஒரு காந்தம். ரெண்டு நிலையிலயும் பொட்டி இருக்கு, ரெண்டு கதவுலயும் பசை மட்டும்தான் இருக்கு. காந்தத்தை எடுத்துட்டா, மூடின கதவையும் இது திறந்ததா நினைச்சுக்கும். ஒண்ணு திறந்திருந்தா இன்னொண்ணைத் திறக்க விடாது. ரெண்டையும் எடுத்துட்டா?" என்றார் மேடம்.

"மூணு பேரும் உள்ளயே வேவலாம்," என்றேன். "கூட இருக்கறவனே பூட்டுவான்னு எவன் சந்தேகப்படுவான். நல்லாத்தான் பண்ணிக்கினே நைனா."

காந்தங்களை அதனதன் இடத்தில் ஒட்டவைத்தேன், இந்த முறை ஹர்ஷவர்தனின் உயரமான தோளைப் பிடித்துக்கொண்டு. இரண்டு விளக்கும் பச்சையாயின. நான் கதவைத் தள்ளிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் ஓடினேன்.

உறைபெட்டியில் பாட்டில் இல்லை. நாங்கள் வருமுன்பே அந்த மஞ்சள் தொட்டிக்குப் போயிருந்தது. எந்திரத்தில் ஆவி சீறிக்கொண்டிருந்தது.

"இத்த நிறுத்தி தொறக்க முடியாதா?" என்று செங்கம்மாளிடம் கத்தினேன்.

"சூடு ஏறிப்பூச்சே. எறங்குனாத்தான் தொறக்கும்," என்றாள். "இன்னாண்ணா, கை ஆட்னியே, நானும் ஆட்னனே. மாட்டிகினேன்னு வாயத் தொறந்து சொல்லக் கூடாது?"

பின்னாலேயே ஹர்ஷவர்தன் வந்தார். முகத்தில் இப்போது பயமே இல்லை. "நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க. இல்லன்னா கதவை அடைக்கற வேலையே இருந்திருக்காது. அந்த பாட்டில்ல இருந்தது இந்நேரம் முட்டைப் பொடிமாஸ் ஆகியிருக்கும். அதுல சர்க்கரை இருந்துதா, வெட்டினதான்னு இனிமே எந்த லேப்பும் சொல்ல முடியாது. கதவு விஷயம் கேட்டா, சும்மா விளையாட்டுக்குன்னு சொல்லிக்கறேன். உங்ககிட்ட வேற என்ன இருக்கு?"

என்னிடம் ஒன்றும் இல்லை. ஓர் ஊக்கு இருந்தது. கதவு திறந்தும் அந்தப் பீரோவுக்குள்ளேயே நிற்கிற மாதிரி இருந்தது. தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ரேணுகாவின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்தேன்.

"முதலாளி ரூமுக்குப் போகலாம் டாக்டர். நீங்களும் வாங்க. அவருக்கு உங்க பாடம் ரொம்பப் பிடிக்கும்," என்றார் மேடம்.

பட்டாபிராமன் அறையில் ஏசி குளிர்ந்தது. அவர் வெள்ளைத் தலை, நெற்றியில் மெல்லிய கோடு, மேஜை நிறையக் கோப்புகள். அவரும் ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்தில் நின்றவர்தான், இப்போது கையெழுத்துப் போடுவதோடு சரி. எதிரே ரேணுகா. முன்னால் காகிதம், கையில் பேனா. எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். எங்கள் வெறுங்கையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"பாட்டில் கெடைச்சுதா?" என்றார் பட்டாபிராமன்.

"இல்ல சார். வெந்துடுச்சு," என்றார் மேடம்.

"அப்போ நான் ஒண்ணும் பண்றதுக்கில்லை." அவர் ரேணுகா பக்கம் திரும்பினார். "போடும்மா."

"ஒரு நிமிஷம் சார். உங்களுக்கு மேலே பாருங்க, மணி என்ன?"

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அங்கேயும் அதே கடிகாரம். "மூணாகப் போறது. ஏன்?"

"முள்ளை விடுங்க. முள்ளுக்குப் பின்னால இருக்கற படத்தைப் பாருங்க. அது என்ன படம்?"

"ஜெயிச்ச சோதனையில பயன்படுத்தின புரதம். ஏதாவது அழகாப் போடணுமேன்னு கேட்டேன். ஹர்ஷாதான் அசல் படத்தையே குடுத்தான்."

"முக்காடு போட்ட புரதம் ஏணியில மேலே, கலங்கலா நிக்கும். வெட்டினது கீழே, பேனாக் கோடு மாதிரி நிக்கும். இப்பத்தான் டாக்டர் கண்ணாடியில வரைஞ்சு காட்டினார். பத்து மணிப் பக்கத்துல இருக்க வேண்டிய கோடு, எட்டு மணிப் பக்கத்துல என்ன சார் பண்ணுது?"

பட்டாபிராமன் எழுந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார். திரும்பியபோது அவருக்கு வயது கூடிவிட்டது.

"மொட்டை," என்றார். "ஊசியும் மொட்டை, அதைச் சோதிச்சதும் மொட்டை. ஒண்ணை ஒண்ணு கட்டிண்டுடும், அதுல என்ன அதிசயம். ரெண்டு வருஷமா இதுலதான் மணி பார்த்துண்டிருக்கேன்." ஹர்ஷவர்தனைப் பார்த்தார். "ஏண்டா?"

"முக்காடு போட்டதை வெச்சுச் சோதிச்சா ஒட்டவே இல்ல சார். நீங்க விழாவுக்குத் தேதி வெச்சுட்டீங்க," என்றார் ஹர்ஷவர்தன். அவர் கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. ஓர் அடி அதை நோக்கி வைத்தார்.

"இத்தக் கழட்டி இன்னா பண்ணப் போற டாக்டரே," என்று குறுக்கே போய் நின்றேன். "சடையப்பன் பண்ணையில ஒண்ணு தொங்குது. செங்கல்பட்டு ஜில்லா பூரா தொங்குது. அத்தினியும் எந்தக் குக்கர்ல வெச்சி வேவ வைப்ப?"

அவர் நின்றுவிட்டார். பட்டாபிராமன் ரேணுகாவின் முன்னாலிருந்த காகிதத்தை எடுத்துக் கிழித்தார். போலீசுக்கு அவரே போன் போட்டார்.

ரேணுகா பேனாவை மூடவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் அழுதாள்.

"எங்க பாப்பா இதுலதாண்ணா மணி பாக்கக் கத்துகினா," என்றாள். "எட்டு மணிகிட்ட அந்தக் கோடு இன்னாம்மா, இன்னாம்மான்னு கேட்டுகினே இருப்பா. அது ஒண்ணுமில்லடி, அழுக்குன்னு சொல்லி நாந்தான் தொடச்சித் தொடச்சி வெப்பேன்."